"உங்களுக்குத் தமிழ் பிடிக்குமா?"
மொழி பற்றிய மனப்பாங்கை ஆராயும் முறைகள் குறித்து

சில வருடங்களுக்கு முன் பேர்கனில் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்தில் வினாக்கொத்து ஒன்று விநியோகிக்கப்பட்டது. "உங்கள் பிள்ளை தமிழ் கற்பதை விரும்புகிறீர்களா?", "தமிழ் உங்கள் அடையாளத்திற்கு முக்கியமா?" என்பன போன்ற பத்துக் கேள்விகள். ஏறத்தாழ எல்லோரும் 'ஆம்' என்பதற்கே புள்ளடி இட்டிருந்தனர். முடிவு வாசிக்கப்பட்டபோது கைதட்டலும் எழுந்தது. கூட்டம் முடிந்து, வாசலில் சப்பாத்துப் போடும்போது அதே பெற்றோர் அதே பிள்ளைகளை நோர்வேஜிய மொழியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தனர். நானும் அவர்களில் ஒருவன்.

இதைப் போலித்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஊரில் ஆய்வு முறையியல் படிப்பித்துவிட்டு, இப்போது தொழிற்சாலையில் மீன் வெட்டும் மேசையருகே நிற்கும் எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. அந்த வினாக்கொத்து மனப்பாங்கை அளக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் ஒன்றையே வாங்கிக்கொண்டது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இந்த இடைவெளியைச் சமூக விஞ்ஞானம் நீண்டகாலமாக அறியும்.

1930களின் தொடக்கத்தில் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியருடன் நாடெங்கும் பயணம் செய்தார். ஆசிய இனத்தவர் மீது வெறுப்பு வெளிப்படையாக நிலவிய காலம் அது. அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்று மட்டுமே அவர்களை ஏற்க மறுத்தது. பின்னர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதிலளித்த 128 இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை 'இல்லை' என்றன. 1934இல் வெளியான இந்த ஆய்வில் குறைகள் உண்டு. வாசலில் வரவேற்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒருவரேதானா என்பது தெரியாது. ஆயினும் தாளில் எழுதும் பதிலையும் நேரில் நடந்துகொள்ளும் விதத்தையும் ஒன்றாகக் கொள்ளக்கூடாது என்ற எச்சரிக்கை அதிலிருந்துதான் வலுப்பெற்றது.

மொழி தொடர்பான மனப்பாங்கை ஆராய இன்று மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது, நேரடியாகக் கேட்பது: வினாக்கொத்து, நேர்காணல். இரண்டாவது, மறைமுகமாக அறிவது. மூன்றாவது, ஒரு சமூகம் ஒரு மொழியை எங்கெங்கே வைத்திருக்கிறது என்று நோக்குவது: அறிவித்தல்கள், திருமண அழைப்பிதழ்கள், கூட்ட அறிக்கைகள், கல்லறைகளில் பொறித்த எழுத்துகள்.

இவற்றுள் மறைமுக முறையே விளக்கம் வேண்டுவது. 1960இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் லம்பேர்ட்டும் சகாக்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். இரு மொழிகளிலும் சரளமான நால்வர், ஒரே பகுதியை ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் வாசித்தனர். இடையிடையே வேறு குரல்களும் கலக்கப்பட்டன. ஒருவரே இருமுறை வருகிறார் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. குரலை மட்டும் கொண்டு இவர் எவ்வளவு புத்திசாலி, எவ்வளவு நம்பத்தக்கவர் என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஆங்கில மாணவர்கள் ஆங்கிலக் குரல்களுக்குக் கூடுதல் மதிப்பளித்தனர், அது எதிர்பார்த்ததே. பிரெஞ்சு மாணவர்களும் பல பண்புகளில் ஆங்கிலக் குரல்களையே உயர்வாக மதிப்பிட்டதுதான் அதிர்ச்சி. ஆதிக்க மொழியினர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த பார்வை, ஆளப்பட்டவர்களின் காதுக்குள்ளும் புகுந்திருந்தது.

அயல்நாடான டென்மார்க்கில் தூர கிறிஸ்ரியன்சனும் சகாக்களும் செய்த ஆய்வுகள் இதை மேலும் தெளிவாக்கின. பேச்சுவழக்குகளின் பெயர்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னபோது இளைஞர்கள் தமது ஊர்ப் பேச்சையே முதலில் வைத்தனர். என்ன அளக்கப்படுகிறது என்று அறியாமல் குரல்களைக் கேட்டு மதிப்பிட்டபோது கொப்பன்ஹேகன் சாயலுள்ள பேச்சே மேலே வந்தது. இரண்டில் எது உண்மை என்று கேட்பது பொருத்தமல்ல. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கும் மனப்பாங்குகளே. ஒன்று பொதுவில் சொல்லக்கூடியது. மற்றது அன்றாடத் தெரிவுகளை நடத்துவது.

எம்மவர் பற்றியும் ஆய்வு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, லண்டன், ரொறொன்ரோ, கலிபோர்னியாவின் லங்காஸ்டர் ஆகிய இடங்களிலுள்ள ஈழத்தமிழ்க் குடும்பங்களிடையே தமிழ் கைவிடப்படுவது பற்றி 2008இல் எழுதினார். வீட்டில் தமிழ் பேசினால் மொழி தப்பும் என்ற நம்பிக்கையை அவர் கேள்விக்குட்படுத்தினார். வீட்டுக்கு வெளியிலுள்ள அதிகாரம், காலனித்துவக் காலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த இடம், சாதி, பால் ஆகிய எல்லாம் வீட்டுக்குள்ளும் நுழைகின்றன. ஒருவருக்குப் பெருமையாக உள்ள மொழி இன்னொருவருக்கு ஊர்ச் சாதிப் படிநிலையின் ஞாபகமாகவும் இருக்கலாம். ஆம், இல்லை என்ற இரு கட்டங்களுக்குள் இதை அடைக்க முடியாது.

இந்த முறைகளை இங்கு அப்படியே பிரயோகிக்கலாமா? எனக்கு இரு தயக்கங்கள் உண்டு.

ஒன்று, கேள்வி கேட்கப்படுவது அகதிக்குச் சாதாரண அனுபவமல்ல. சோதனைச்சாவடியிலும் பின்னர் தஞ்ச விசாரணையிலும் பதிலில்தான் உயிர் தங்கியிருந்தது. எதிரில் இருப்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்துப் பதில் சொல்லப் பழகியவர்கள் நாங்கள். படிவத்தைக் கண்டால் அந்தப் பழக்கம் விழித்துக்கொள்கிறது.

மற்றது, மறைமுக முறையில் ஏமாற்று ஓர் அங்கம். குரலைக் கொண்டு ஆளை மதிப்பிடுவதன் கொடூர வடிவத்தை நாம் கண்டவர்கள். 1983 யூலையில் வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரான 'பல்திய' என்பதைச் சொல்லவைத்து, முதல் ஒலியைக் கொண்டு தமிழரை இனங்கண்டனர். இந்த நினைவுள்ள சமூகத்தில் குரலை வைத்துச் செய்யும் பரிசோதனைக்கு, முன்கூட்டிய பொதுச் சம்மதமும் முடிந்தபின் முழு விளக்கமும் குறைந்தபட்ச நிபந்தனைகள். பேர்கன் போன்ற சிறிய சமூகத்தில் ஒருவரின் ஊரையும் வயதையும் எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே சில குடும்பங்கள் விரும்பி இணையும் சிறிய ஆய்வு போதும். ஒரு வாரத்துக்கு மொழிக் குறிப்பேடு: யார், யாருடன், எதைப்பற்றி, எந்த மொழியில். பிறகு அந்தக் குறிப்பேட்டை முன்வைத்து ஆறுதலாக ஓர் உரையாடல். பிள்ளைகளுடன் பெற்றோர் இல்லாமல் பேசவேண்டும். குரல் பரிசோதனை செய்வதானால் தமிழையும் நோர்வேஜியத்தையும் மட்டும் ஒப்பிடாமல், யாழ்ப்பாண, மட்டக்களப்பு, மலையகத் தமிழ்களையும் சேர்க்கவேண்டும். இந்த மூன்றையும் இயல்பாகப் பேசும் ஒருவரைக் காண்பது அரிது. எனவே வெவ்வேறு ஆட்களின் குரல்களைப் பயன்படுத்தி, அந்தக் குறையை அறிக்கையிலேயே ஒப்புக்கொள்ளலாம். தமிழை இழிவாகப் பார்ப்பதாகப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லும் நாங்கள், எந்தத் தமிழை இழிவாகப் பார்க்கிறோம் என்பது அப்போது வெளிவரும்.

என் மகள் படிவங்களில் தமிழ் தன் தாய்மொழி என்றுதான் எழுதுவாள். ஆனால் பதின்மூன்று வயதில், "அப்பா, நீங்கள் பள்ளிக்கு ரெலிபோன் எடுக்கவேண்டாம், நானே கதைக்கிறேன்" என்றாள். என் நோர்வேஜியத்துக்காக வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக் கோபித்தேன். வருடங்கள் கழித்துக் கேட்டபோது, "நீங்கள் போனை வைத்தபிறகு கனநேரம் ஒன்றும் பேசாமல் இருப்பீர்கள், அதைப் பார்க்க ஏலாமல் இருந்தது" என்றாள். அதுவரை அவளுடைய மனப்பாங்கை நான் பிழையாகவே கணித்திருந்தேன். அவளிடம் ஒருபோதும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வினாக்கொத்தைத் தயாரிப்பவர்கள் முதலில் இதை யோசிக்கட்டும். மாற்று அபிப்பிராயம் உள்ளவர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதட்டும்.