கப்சாயின் தீப்பொறி எங்கே?

மலேசியாவில் சிறிய மோட்டார் சைக்கிளைப் பலரும் ‘கப்சாய்’ என்றே அழைக்கின்றனர். ‘கப்’ என்ற வாகனப் பெயரோடு, ‘சிறியது’ எனும் பொருள்தரும் சீனச் சொல் சேர்ந்து இப்பெயர் பிறந்தது என்பர். ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் சூப்பர் கப் வண்டியை அறிமுகப்படுத்தியது. 2017ஆம் ஆண்டில் அதன் மொத்த உற்பத்தி 100 மில்லியனை எட்டியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பழைய 6 வோல்ட் சி70 வண்டிகளைச் சிலர் இன்றும் பழுதுபார்த்துப் பாதுகாத்து வருகின்றனர்.

தாத்தா ஓட்டிய சி70 வண்டி வீட்டின் பின்புறத்தில் பல ஆண்டுகளாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரன் அதைத் துடைத்து, புதிய பெட்ரோல் ஊற்றி, பலமுறை உதைத்துப் பார்க்கிறான். இயந்திரம் இயங்கவில்லை, ஒலிப்பானும் ஒலிக்கவில்லை. மின்கலம் செயலிழந்ததே காரணம் என முடிவு செய்து, புதிய மின்கலத்தை வாங்கிப் பொருத்துகிறான். ஒலிப்பான் ஒலிக்கிறது. ஆனால், இயந்திரம் அப்போதும் இயங்கவில்லை. அவன் செய்த தவறு என்ன?

இந்த வண்டியில் இரண்டு மின்பாதைகள் உள்ளன. ஒலிப்பான், சமிக்ஞை விளக்கு, பிரேக் விளக்கு ஆகியவை மின்கலத்திலிருந்து மின்சாரம் பெறுகின்றன. இயந்திரத்திற்குத் தேவையான தீப்பொறியோ மின்கலத்தை நம்பியிருப்பதில்லை. காந்தங்கள் பதித்த சுழல்சக்கரம் கம்பிச்சுருளைச் சுற்றிச் சுழலும்போது மின்சாரம் உண்டாகிறது. வண்டியை உதைக்கும்போது தீப்பொறிக்கான மின்சாரம் இவ்வாறுதான் கிடைக்கிறது. ஆகவே, மின்கலம் முற்றிலும் தீர்ந்துபோனாலும் இவ்வண்டியின் இயந்திரம் இயங்க முடியும். ஒரே நேரத்தில் தோன்றிய இரண்டு கோளாறுகளுக்கும் ஒரே காரணத்தைத் தேடியதே பேரனின் தவறு.

விளக்குகளும் ஒலிப்பானும் வேலை செய்யாவிட்டால், மின்கலத்தையும் உருகியையும் முதலில் சோதிக்க வேண்டும். அடுத்துக் கவனிக்க வேண்டியது வண்டியின் இரும்புச் சட்டம். மின்சாரம் மின்கலத்திற்குத் திரும்பும் பாதையாக அச்சட்டமே பயன்படுகிறது. கம்பி சட்டத்தோடு இணையும் இடத்தில் துரு படிந்திருந்தாலோ, புதிய சாயம் பூசப்பட்டிருந்தாலோ மின்னோட்டம் தடைபடும். புதிதாகச் சாயம் பூசிய பழைய வண்டிகளில் விளக்கு எரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே கோளாறு நீங்கிவிடலாம். விளக்கு மங்கலாக எரிந்தால், 6 வோல்ட் விளக்கிற்குப் பதிலாக 12 வோல்ட் விளக்கு பொருத்தப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தீப்பொறி இருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தீப்பொறிச் செருகியை, அதாவது பட்டறைகளில் ‘பிளக்’ எனப்படுவதைக் கழற்ற வேண்டும். அதன் மூடியை மீண்டும் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி இயந்திரத்தின் உலோகத்தில் நன்கு படும்படி வைத்து வண்டியை உதைக்க வேண்டும். நீலநிறத் தீப்பொறி பளிச்சென்று தெரிந்தால் மின்பாதை பெரும்பாலும் சரியாக உள்ளது எனலாம். அடுத்துப் பெட்ரோல் வரும் வழியைச் சோதிக்கலாம். தீப்பொறி மஞ்சளாக மங்கித் தெரிந்தாலோ, தெரியாமலே போனாலோ, பிளக்கில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு பகுதியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் பிளக்கின் கரியைத் துடைத்து, அதன் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, பிளக் மூடியையும் அதில் நுழையும் கம்பியின் நுனியையும் கவனிக்க வேண்டும். பின்னர், சாவித் துவாரத்திலிருந்து வரும் கம்பியை ஆராய வேண்டும். சாவியை அடைக்கும்போது, அந்தக் கம்பி தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சட்டத்திற்குத் திருப்பி இயந்திரத்தை நிறுத்துகிறது. அதன் மேலுறை கிழிந்து சட்டத்தில் உரசினால், சாவி திறந்திருந்தாலும் தீப்பொறி வராது.

இறுதியாக, சுழல்சக்கரத்திற்குப் பின்னால் உள்ள ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகளைச் சோதிக்க வேண்டும். அவை விலகும் கணத்தில் மின்னோட்டம் திடீரென மாறுகிறது. அந்த மாற்றத்தால்தான் பற்றவைப்புச் சுருள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. நீண்டநாள் ஓடாத வண்டியின் தொடுமுனைகளில் களிம்பு படிந்திருக்கும். அவற்றை மென்மையாகத் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். வண்டி நன்றாக ஓடி, சூடான பின் மட்டும் நின்றுவிட்டால், மின்தேக்கி பழுதடைந்திருக்க வாய்ப்புண்டு. ‘கண்டென்சர்’ எனப்படும் இச்சிறு பொருள்தான் தொடுமுனைகள் கருகாமல் காக்கிறது.

இச்சோதனைகளை அனுபவமுள்ள பெரியவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். தீப்பொறியைச் சோதிக்கும்போது பிளக்கின் உலோகத்தை வெறுங்கையால் தொடக்கூடாது. பிளக் கழற்றப்பட்ட துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால், தீப்பொறி அதன் அருகில் எழக்கூடாது.

காரணம் தெரியாமல் பல பாகங்களை ஒரே நேரத்தில் மாற்றினால், வண்டி ஓடினாலும் எது பழுதாக இருந்தது என்பது தெரியாது. நல்ல நிலையில் இருந்த பழைய பாகம் குப்பைக்குப் போயிருக்கலாம். அதைப் போன்ற ஒன்று மீண்டும் கிடைப்பது அரிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, கண்டதைக் குறித்து வைத்தால், அடுத்த முறை கோளாறு வரும்போது அந்தக் குறிப்பே வழிகாட்டும். மேற்கண்ட பேரனின் வண்டிக்குப் புதிய மின்கலம் மட்டும் போதவில்லை. களிம்பு படிந்த தொடுமுனைகளைத் தேய்க்க ஒரு துண்டு மெல்லிய உப்புத்தாளும் தேவைப்பட்டிருக்கலாம்.