இயக்குத் தண்டு: எஃகா, அலுமினியமா?

மோட்டார் வண்டியின் எஞ்சினில் பிறக்கும் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்லும் நீண்ட குழாய்க்கு இயக்குத் தண்டு என்று பெயர். பட்டறைகளில் இதனைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பர். சிக்கந்தராபாத்துக்கு வடக்கே, லோத்குண்டா வழியாகக் கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலையில் சரக்கேற்றி ஓடும் பிக்கப் வண்டிகளின் அடியில் நோக்கினால், இத்தண்டு பெரும்பாலும் எஃகினால் ஆனதாகவே இருக்கும். அலுமினியமோ எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உடையது. அதனை ஏன் கொள்ளலாகாது என்ற வினா எழுவது இயற்கையே.

தண்டின் சுழற்சிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை நெருங்கும்போது தண்டு நடுவில் வில்போல் வளைந்து உதறத் தொடங்கும். மூட்டு முறிந்து சாலையில் விழவும் கூடும். இதுவே மாறுநிலை வேகம் எனப்படும். இலேசான உலோகமாயின் இவ்வெல்லை உயரும் எனப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. எல்லையை நிர்ணயிப்பது விறைப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம். அலுமினியம் விறைப்பிலும் எஃகின் மூன்றில் ஒரு பங்கே! ஆகவே ஒரே அளவுள்ள இரு குழாய்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் உதறும். 1.5 மீட்டர் நீளமும், 75 மில்லிமீட்டர் விட்டமும், 2.5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குழாய்க்குக் கணக்கிட்டால், எதுவாயினும் நிமிஷத்துக்குச் சுமார் 5,500 சுற்றுகள் என்று விடை வரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பிக்கப்பின் தண்டு ஏறக்குறைய 2,500 முறையே சுழல்கிறது.

இடர் நீளத்தில் உள்ளது. குழாயை 2.1 மீட்டராக நீட்டினால் எல்லை 2,800 சுற்றாக இறங்கிவிடும். ஆசிரியர்கள் ஓர் அளவுகோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீண்ட பகுதியைச் சுண்டிக் காட்டலாம். அப்பகுதியைப் பாதியாக்கினால் அதிர்வு நான்கு மடங்கு விரைவாகும்.

நீண்ட வண்டிகளில் தண்டை இரு துண்டாக்கி, நடுவே ஒரு பேரிங் அமைப்பதே நம் நாட்டு வழக்கம். அமெரிக்கப் பிக்கப்புகள் சிலவற்றில் பருத்த அலுமினியக் குழாய் ஒன்றே பொருத்தப்படுகிறது. 100 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டால், அதே 2.1 மீட்டரில் எல்லை சுமார் 3,700 ஆகும். முறுக்கைத் தாங்கும் விறைப்பும் குறையாது. எஃகையும் பருக்கச் செய்யலாம், ஆனால் எடை ஏறும். அலுமினியத்தால் மிச்சமாவது இரண்டரைக் கிலோகிராம் அளவே. டன் கணக்கில் பாரம் சுமக்கும் வண்டியில் இதனால் எரிபொருள் மிச்சப்படும் என எதிர்பார்ப்பது வீண்.

பழுது பார்ப்பதிலோ வேற்றுமை மிகப் பெரிது. எஃகுக் குழாயை மாற்றிப் பற்றவைத்து, சமநிலைப்படுத்தித் தரும் பட்டறைகள் எங்கும் உள்ளன. சூட்டால் பதப்படுத்திய அலுமினியக் கலவையைப் பற்றவைத்தால் அவ்விடத்தில் அதன் வலிமை வெகுவாகக் குறைகிறது. தக்க சாதனமும் தேர்ந்த கையும் இன்றித் தொடலாகாது. மேலும், எஃகுப் பகுதியுடன் அது சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு உண்டாகும். கிராமப் பாதைகளில் ஓடும் குறுகிய வண்டிக்கு எஃகே ஏற்றது என்பது எமது கருத்து.

எந்த உலோகமாயினும், குழாயில் ஒருபுறமாக உலர்ந்து ஒட்டிய சேறு சமநிலையைக் கெடுக்கும். தரையில் அதிர்வு தோன்றினால் முதலில் அதைக் கழுவிவிட்டுப் பின்னர் மூட்டுகளை ஆட்டிப் பார்க்க வேண்டும்.