மருத்துவக் குறிப்புகளுக்கு ஒரு பொது மொழி

ஒரு காலத்தில் நம் நாட்டில் சேரும் மணங்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. பெயர் ஒன்றாயினும் நிறை ஒன்றன்று. 1956-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின்னரே அக்குழப்பம் நீங்கலாயிற்று. அதனையொத்த குழப்பம் ஒன்று இன்று கணினியில் பதிவாகும் மருத்துவக் குறிப்புகளில் காணப்படுகிறது.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். காலை உணவுக்கு முன் எடுத்த இரத்தத்தில் குளுக்கோசின் அளவு 126 என்று ஒரு சோதனைச்சாலை எழுதுகிறது. அதே இரத்தத்தைச் சோதித்து 7 என்று எழுதுகிறது மற்றொன்று. இரண்டும் சரியே. முன்னது ஒரு டெசிலிட்டரில் உள்ள மில்லிகிராம். பின்னது ஒரு லிட்டரில் உள்ள மில்லிமோல். பின்னதை 18-ஆல் பெருக்கினால் முன்னது கிடைக்கும். நீரிழிவு நோயைக் கண்டறியும் எல்லையும் இதுவேயாகும். ஆனால் அலகு இன்றி 7 என்னும் எண் மட்டும் வேறொரு கணினியைச் சென்றடையுமாயின், அது மில்லிகிராம் எனக் கொள்ளப்படலாம். அப்போது குளுக்கோஸ் மிகுந்த நோயாளர், அது குறைந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவராகத் தோன்றுவார், சிகிச்சையும் நேர்மாறாகும்.

இவ்விடரைத் தவிர்ப்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் தேவை. முதலாவது, சொற்களுக்குரிய பொதுக் குறியீடு. நோய்களின் பெயர்களுக்கு 'ஸ்னோமெட் சி.டி.' என்னும் தொகுதியும், சோதனைகளுக்கு 'லாயிங்க்' என்னும் தொகுதியும் பயன்படுகின்றன. பிளாஸ்மாவிலுள்ள குளுக்கோசை நிறையாகக் குறித்தால் 2345-7, மோலாகக் குறித்தால் 14749-6 என லாயிங்க் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவது, செய்தியின் வடிவம். 1987-இல் அமெரிக்காவில் தோன்றிய எச்.எல்.7 என்னும் அமைப்பு வகுத்த 'ஃபயர்' என்னும் தரநிலை இதற்குரியது. நோயாளர், சோதனை முடிவு, மருந்து, ஒவ்வாமை ஆகியவற்றுள் ஒவ்வொன்றையும் எவ்வாறு எழுதி அனுப்புதல் வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. ஆகவே இத்தரநிலையைத் தழுவி எழுதிய செயலியை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் புதிதாக அமைக்க வேண்டுவதில்லை. ஒரு செயலி பதிந்ததை மற்றொன்று பொருள் மாறாது படிக்கும்.

இந்திய அரசு மின்னணு உடல்நலப் பதிவேடுகளுக்கான தரநிலைகளை 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கப்பெற்றது. இதில் சேர்வோர்க்கு 'ஆபா' என்னும் 14 இலக்க எண் வழங்கப்படுகிறது. குறிப்புகள் யாவும் ஒரே களஞ்சியத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை தோன்றிய இடத்திலேயே இருக்கின்றன. நோயாளரின் சம்மதம் பெற்ற பின்னரே, ஃபயர் வடிவில், வேண்டிய இடத்திற்குச் செல்கின்றன. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் செல்லும் தொழிலாளிக்கும், பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் பெண்ணுக்கும் இதனால் விளையும் நன்மை சிறிதன்று.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. தரநிலை என்பது செய்தியைச் சிதையாமல் கொண்டு செல்லும் வாகனமே. தவறாகப் பதிந்ததைத் திருத்தும் ஆற்றல் அதற்கில்லை. பென்சிலின் ஒவ்வாமையை ஊழியர் பதியாது விட்டால், எத்துணைச் சிறந்த செயலியும் மருத்துவரை எச்சரிக்க இயலாது. ஆகவே ஆள் யார், அளந்தது எது, அலகு யாது, நாள் எது என்னும் நான்கையும் கேட்டறிந்து எழுதுவது களப்பணியாளரின் கடமை. சம்மதம் கோரும்போது அது எதற்கு என்பதை விளக்குவதும் அவ்வாறே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே உணர்த்தலாம். கரும்பலகையில் 98 என்று மட்டும் எழுதி, அது யாதென மாணவர்களைக் கேட்கலாம். காய்ச்சல்மானியின் பாரன்ஹீட் அளவு என்பான் ஒருவன். நாடித்துடிப்பு என்பாள் ஒருத்தி. இரத்தத்தில் ஆக்சிஜனின் சதவீதம் என்பர் வேறு சிலர். எண் மட்டும் செய்தியாகாது என்பதை அவர்கள் அப்போதே அறிந்துகொள்வர்.