மழைக்காலக் காய்கறிகள்: தெரிந்தெடுத்தலும் நடுதலும்

ஆனி மாதம் முடியும் தறுவாயில் நம் அங்கத்தினர் பலர் கேட்கும் வினா ஒன்று உண்டு. "இவ்வாண்டு எந்தக் காய்க்கு நல்ல விலை கிடைக்கும்?" என்பதே அது. விலையை எண்ணிப் பார்ப்பது தவறன்று. ஆயினும், கால் ஏக்கரோ அரை ஏக்கரோ வைத்துக்கொண்டு, விதைக்கும் உரத்திற்கும் கடன் பெற்றுப் பயிரிடுவோர் அதற்கு முன்னரே கேட்க வேண்டிய வினா வேறொன்று. "பெருமழை கொட்டும் நாளில் என் செடி எந்தப் பருவத்தில் நிற்கும்?" இவ்வினாவிற்கு விடை கண்ட பின்னரே விலையைப் பற்றி எண்ணுதல் வேண்டும். அதற்கான வழியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது மழையின் இயல்பு

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஆண்டில் இரு மழைக்காலங்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை, ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. உள்நாட்டு மாவட்டங்களில் இது பெரும்பாலும் மாலை நேரத்து இடிமழையாகப் பெய்து ஓய்ந்துவிடும். செடிகளுக்குத் தீங்கு குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. காற்றழுத்தத் தாழ்வினாலும் புயலினாலும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ப்பது இதன் இயல்பு. கடற்கரை மாவட்டங்களில் நவம்பரிலும், கோவை போன்ற மேற்குப் பகுதிகளில் அக்டோபரிலும் இது மிகுந்து பெய்யும். நீலகிரி, கன்னியாகுமரி மாவட்டங்களில் தென்மேற்கு மழையும் வலுத்துப் பெய்வதால், ஈண்டுக் கூறும் நாட்கணக்கு அவ்விடங்களுக்குப் பொருந்தாது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று முன்னோர் கூறியதன் உட்பொருள் இதனால் விளங்கும். ஆடி முதல் வாரத்தில் விதைத்த பயிருக்கு, ஐப்பசிப் பெருமழை தொடங்குமுன் ஏறத்தாழத் தொண்ணூறு நாட்கள் கிடைக்கின்றன. இந்தத் தொண்ணூறு நாட்களே நமது முதல். அதனை வீணாக்காமல் செலவிடத் தெரிந்தவர் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

செடியின் மெலிந்த பருவங்கள்

மழையைப் பொறுத்தவரையில் செடிக்கு இரண்டு பருவங்கள் மெலிந்தவை. முளைத்து வேரூன்றாத இளம்பருவம் ஒன்று. காய் பழுக்கும் அல்லது குமிழ் முற்றும் இறுதிப் பருவம் மற்றொன்று. முன்னதில் நாற்று அழுகும். பின்னதில் விளைந்த பொருளே அழுகும். இடைப்பட்ட காலத்தில், வேர் ஆழமாக இறங்கித் தண்டு வலுத்த செடி, அடியில் நீர் தேங்காதவரை மழையைத் தாங்கி நிற்கும். ஆகவே பெருமழைக்கு முன்னரே பலன் கொடுத்து முடியும் பயிர், அல்லது அம்மழை வரும்போது வலுத்து நிற்கும் பயிர் ஆகிய இவ்விரு வகையையே சிறு நிலத்தார் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

முதல் வகையில் சிறந்தது வெண்டை. ஆடி முதல் வாரத்தில் ஊன்றிய விதை நாற்பத்தைந்து நாட்களில் காய் தரத் தொடங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்து, ஐப்பசி தொடக்கத்தில் பயிரை முடித்துவிடலாம். கொத்தவரையும் இவ்வாறே. சின்ன வெங்காயத்தை ஆடி முதல் வாரத்தில் நட்டால், 65 முதல் 70 நாட்களில், புரட்டாசிக்குள் பிடுங்கிவிடலாம். அதனையே ஆவணிக் கடைசியில் நட்டவருக்கு, குமிழ் முற்றும் காலம் சரியாகப் பெருமழையில் வந்து விழும்.

இரண்டாம் வகையில் கத்தரி, மிளகாய், பந்தலில் ஏறும் கொடிக்காய்கள், அவரை ஆகியவை அடங்கும். ஆனியில் நாற்று விட்டு ஆடிக் கடைசியில் நட்ட கத்தரி, நட்ட 55 முதல் 60 நாட்களில் காய்க்கத் தொடங்கி, மழை ஓய்ந்த பின்னும் பலன் தரும். மிளகாய் பச்சையாகப் பறித்து விற்கவே இப்பட்டத்திற்கு ஏற்றது. பழுக்கவிட்டு வற்றலாக்க வெயில் கிடைக்காது. பாகலும் புடலும் பந்தலில் தொங்குவதால் காய் ஈரமண்ணில் படாது. பந்தல் அவரையோ பகற்பொழுது சுருங்கிய பின்னரே பூக்கும் இயல்புடையது. ஆடியில் விதைத்தால் மழைக்காலம் முழுவதும் கொடியாக வளர்ந்து, மழை விட்டதும் காய்த்துக் குலுங்கும்.

தக்காளியைப் பற்றித் தனியாகக் கூற வேண்டும். 25 நாள் நாற்றை ஆவணித் தொடக்கத்தில் நட்டால், பழம் பறிக்கும் காலம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அமையும். பழம் வெடிக்கும், இலைக்கருகல் பரவும், மண்ணில் படிந்த காய் அழுகும். அவ்விரு மாதங்களில் தக்காளி விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். பலர் இழப்பதால் ஏறிய விலையைக் கண்டு, தாம் மட்டும் இழக்கமாட்டோம் என்று நம்பி முழு நிலத்தையும் அதற்கே கொடுப்பது, கடன்பட்ட குடும்பத்தைச் சூதாட்டத்தில் வைப்பதற்கு ஒப்பாகும். விருப்பமுள்ளோர் இரண்டு மூன்று சென்ட்டில் குச்சி நட்டுக் கட்டி வளர்க்கலாம். மிகுதி நிலத்திற்கு, கார்த்திகையில் நாற்று விட்டு மார்கழியில் நடுவதே அறிவுடைமை.

நாற்பது சென்ட்டிற்கு ஒரு திட்டம்

நாற்பது சென்ட் நிலமும் ஒரு கிணறும் உடைய அங்கத்தினர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தம் நிலத்தைக் கீழ்க்கண்டவாறு பகிர்ந்துகொள்ளலாம்.

வெண்டை, 10 சென்ட்: வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி. விதை சுமார் 350 கிராம்.

கத்தரி, 10 சென்ட்: இருபுறமும் இரண்டடி இடைவெளி. விதை 16 கிராம். தேவையான நாற்று சுமார் 1,100.

பந்தலில் பாகல், 10 சென்ட்: ஆறரை அடிக்கு ஐந்தடி இடைவெளியில் சுமார் 130 குழிகள். குழிக்கு 10 கிலோ தொழு உரமிட்டு ஐந்து விதை ஊன்றி, பதினைந்தாம் நாள் வலுத்த இரண்டை மட்டும் நிறுத்தல் வேண்டும்.

கொத்தவரை, 5 சென்ட்: வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரையடி. விதை சுமார் 200 கிராம்.

மிளகாய், 5 சென்ட்: இரண்டடிக்கு ஒன்றரை அடி. விதை 20 கிராம். நாற்று சுமார் 750.

பந்தல் குழிகள் நீங்கிய இடத்திற்கு, கடைசி உழவில் சென்ட்டிற்கு 100 கிலோ வீதம் மக்கிய தொழு உரம் இடுதல் நன்று. இத்திட்டத்தில் ஆவணி இறுதியில் வெண்டையும், தொடர்ந்து கொத்தவரையும், புரட்டாசியில் பாகலும் கத்தரியும், ஐப்பசியில் மிளகாயும் கைக்கு வருகின்றன. பெருமழை ஏதேனும் ஒன்றைக் கெடுத்தாலும், அதற்குள் விதைச் செலவும் உரச் செலவும் ஓரளவு திரும்பியிருக்கும். ஒரே பயிரை நம்பியவருக்கு இவ்வாறுதல் இல்லை.

பந்தலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் தென்னையையே சாய்த்தது. கடலோரத்தார் உயரமான பந்தலுக்குப் பெரும்பணம் செலவிடாமல், தாழ்ந்த பந்தலோடு அமைதல் நலம்.

நிலமும் வடிகாலும்

வேருக்கு நீர் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். நீர் தேங்கினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் மூச்சுத் திணறும், செடி வாடும். அதனை நீர்க்குறைவென்று மயங்கி மேலும் நீர் பாய்ச்சுவோரும் உண்டு. ஆகவே சமபாத்தியை விடுத்து, ஓரடி உயரத்திற்குப் பார் பிடித்து, பாரின் பக்கத்தில் நடுதல் வேண்டும். நிலத்தின் தாழ்ந்த மூலையைக் கண்டறிந்து, பார்களுக்கிடையேயுள்ள நீர் அங்குச் சென்று வெளியேற ஒரு வடிகால் வெட்டுக. மழை பெய்த பிறகு வெட்டும் வடிகால் அவ்வாண்டிற்குப் பயன்படாது. கொத்தவரையும் மிளகாயும் தேங்கிய நீரைச் சிறிதும் பொறா. அவற்றை மேட்டுப்பகுதியில் அமைத்தல் வேண்டும்.

நாற்றங்கால்

நாற்றங்காலை மூன்றடி அகலமும் அரையடி உயரமும் உள்ள மேட்டுப்பாத்தியாக அமைக்க வேண்டும். விதைப்பதற்கு ஒரு நாள் முன்னர், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வைத்தால் நாற்றழுகல் குறையும். விதையைத் தூவாமல் வரிசையில் இட்டு, மெல்லிய வைக்கோல் பரப்பி, முளை கண்டவுடன் அதனை எடுத்துவிடுக. நெருக்கமாக விதைத்த நாற்று முதலில் அழுகும். அழுகல் கண்டால், லிட்டர் நீருக்கு 2½ கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து பாத்தி நனைய ஊற்றலாம். நடவை மாலைப்பொழுதில் செய்து, உடனே உயிர்த்தண்ணீர் விடுதல் வேண்டும்.

மழைக்குப் பின்

பெருமழை ஓய்ந்ததும் முதல் வேலை வடிகாலைத் திறந்துவிடுதல். மண் காலில் ஒட்டாத நிலைக்கு வந்த பின்னரே நிலத்தில் இறங்குக; ஈரத்தில் மிதித்தால் மண் இறுகும். பின்னர்க் களை எடுத்து மண் அணைத்து, மழையில் கரைந்து போன தழைச்சத்தை ஈடு செய்யச் சிறிது மேலுரம் இடலாம். மஞ்சள் நரம்பு கண்ட வெண்டைச் செடியை முதற்செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிடுக. கத்தரியில் வாடிய நுனியைக் கிள்ளி அழித்தால் தண்டுப் புழு குறையும். பாகலில் ஈ குத்தி உதிர்ந்த காய்களைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

நெசவாளர் இல்லங்களில்

இதனைப் படிக்கும் நெசவாள அங்கத்தினர், நிலமில்லாத நமக்கு இதனால் என்ன பயன் என்று எண்ணலாகாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் கசிகிறது. பாவுக்குக் கஞ்சியிட்டுப் பாவடியில் உலர்த்த வெயில் இல்லை. கூலி குறைகின்ற அந்நாட்களிலேயே சந்தையில் காய் விலையும் ஏறுகிறது. ஆடியில் கொல்லைப்புறத்தில் இரண்டு குழி அவரையும் ஒரு குழி புடலும் ஊன்றி, பத்துக் கத்தரி நாற்று நடுபவர் இல்லத்தில் ஐப்பசியில் குழம்புக்குக் காய் இருக்கும். மழை ஓய்ந்தபின் அவரை பக்கத்து வீட்டிற்கும் போதும். கொல்லை தாழ்ந்திருந்தால், சாக்கிலோ உடைந்த பானையிலோ மண் நிரப்பி வைத்தாலும் போதும்.

கூடிச் செய்ய வேண்டியவை

மூன்று காரியங்களைத் தனித்துச் செய்வதினும் சங்கமாகச் செய்வது எளிது. முதலாவது, மேட்டு நிலமுடைய ஓர் அங்கத்தினர் இடத்தில் பொது நாற்றங்கால் அமைத்து நாற்றைப் பகிர்ந்துகொள்வது. இரண்டாவது, நல்ல விதையை மொத்தமாக வாங்குவது. மூன்றாவது, விதைக்கும் நாளைப் பத்து நாள் இடைவெளியில் தமக்குள் பிரித்துக்கொள்வது. ஊரார் அனைவரும் ஒரே நாளில் வெண்டை விதைத்தால், ஒரே நாளில் சந்தையில் கொட்டி விலையைத் தாமே கெடுத்துக்கொள்வர். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் நடைபெறுகிறது. ஒருவர் காயைப் பலரும், பலர் காயை ஒருவரும் மாறி மாறி எடுத்துச் சென்றால் வண்டிக் கூலி மிஞ்சும்.

மழையை நிறுத்துவது நம் கையில் இல்லை. அது வரும் மாதத்தை நாம் அறிவோம். விதைக்கும் நாளைத் தீர்மானிப்பவரும் நாமே. ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் விதைப் பையைப் பிரிக்குமுன் நாட்காட்டியை எடுத்து, விதைக்கும் நாளிலிருந்து பெருமழை நாள்வரை எண்ணிப் பார்ப்பாராக. அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தும் காயே அவருக்கு ஏற்ற காய்.