குளிர்காலத் தில்லியில் குழந்தையுடன் தங்குதல்

தலைநகராகிய தில்லியை ஒருமுறையேனும் காண வேண்டும் என்னும் ஆவல் நம்மவர்களுக்கு என்றும் உண்டு. மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தொழில் நிமித்தம் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினர், ஆண்டிறுதியில் நான்கு நாள் விடுமுறை கிடைத்தால், "இம்முறை ஊருக்குப் போவதா, தில்லிக்குப் போவதா?" என்று ஆலோசிப்பது இயல்பு. கோடையில் தில்லி செல்பவர் வெயிலில் வாடித் திரும்புவர். ஆதலால் மார்கழியும் தையுமே ஏற்ற காலம் எனப் பலரும் சொல்லுவர். பெரியவர்களைப் பொறுத்தவரை அது உண்மையே. இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் சுமந்து செல்லும் தாய்க்கும் அது பொருந்துமா? தங்குமிடம் சரியாக அமையுமாயின் பொருந்தும். அத்தகைய தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் குளிரின் அளவை அறிந்துகொள்வோம். தில்லியில் ஜனவரி மாதத்து இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 7 அல்லது 8 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்குகிறது. குளிர் அலை வீசும் நாட்களில் அது 3, 4 டிகிரிக்கும் தாழும். 2021 ஜனவரி முதல் நாள் காலையில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான வெப்பநிலை 1.1 டிகிரி. அதே நிலையத்தில் 1935 ஜனவரி 16-ஆம் நாள் உறைநிலைக்கும் கீழே 0.6 டிகிரி வரை சென்றதுண்டு.

இவ்வெண்களைக் காட்டிலும் முக்கியமான செய்தி ஒன்று உளது. பனி பொழியும் மேலை நாடுகளில் வீடுகளை உள்ளிருந்தே வெப்பமூட்டும் வழக்கம் உண்டு. தில்லிக் கட்டடங்களோ பெரும்பாலும் கோடையைத் தாங்கும் பொருட்டு எழுப்பப்பட்டவை. உயர்ந்த கூரையும், கல் பாவிய தரையும், இறுக மூடாத சன்னல்களும் மே மாதத்தில் இதம் தருவன; ஜனவரியிலோ அவையே குளிரை உள்ளே தேக்கி வைப்பன. பகல் வெயிலில் நிற்கும்போது நாம் உணராத குளிர், அறைக்குள் காலை வைத்ததும் உள்ளங்காலிலிருந்து ஏறும்.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரித் தொடக்கத்தில் தில்லியில் சூரியன் உதிக்கும்போது காலை மணி 7-ஐக் கடந்துவிடும். மூடுபனி விலகி வெயில் தெளிய 10 அல்லது 11 மணி ஆகும். மாலை 5½ மணி அளவில் பொழுது சாய்ந்துவிடும். சிறு குழந்தையை 11 மணிக்கு வெளியே அழைத்துச் சென்று 5 மணிக்குத் திரும்பினால் 6 மணி நேரம் ஆயிற்று. எஞ்சிய 18 மணி நேரமும் குழந்தை விடுதியில்தான் இருக்கும். ஆகவே, எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைக் காட்டிலும் எந்த அறையில் தங்கப் போகிறோம் என்பதே பெரிய கேள்வி. முன்கூடத்தின் அலங்காரத்தைக் கண்டு விடுதியைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. நள்ளிரவு 2 மணிக்கு அவ்வறை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மகளுக்கு மூன்று வயது நிரம்பியிருந்த சமயம், ஒரு டிசம்பர் இரவில் தில்லியிலுள்ள ஒரு விடுதிக்குச் சென்று சேர்ந்தோம். "ஹீட்டர் உண்டு" என்று முன்னரே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். சென்ற பின்னரோ, இருந்த ஹீட்டர்கள் வேறு அறைகளுக்குப் போய்விட்டன என்றார்கள். பணியாள் ஒருவர் மிகுந்த பரிவோடு ஓர் இரும்பு வாளியில் தணலைக் கொண்டுவந்து வைத்தார். வடக்கே அங்கீட்டி என்று வழங்கும் கரியடுப்பு அது; நம் வீடுகளில் முன்பு இருந்த குமுட்டி அடுப்புப் போன்றது. குழந்தை கைகளை நீட்டிக் குளிர்காய்ந்து மகிழ்ந்தாள். கதவைத் தாழிட்டோம். அரை மணிக்குள், "தலை கனக்கிறது" என்றாள் என் மனைவி. பயணக் களைப்பு என்று நான் எண்ணினேன்; அவள் அவ்வாறு எண்ணவில்லை. சன்னலைத் திறந்துவிட்டுத் தணலை வெளியே எடுத்து வைக்கச் செய்தாள். அன்றிரவு மூவரும் கம்பளிக்குள் நடுங்கியே கிடந்தோம். எனினும் அவள் செய்ததே சரி.

அதன் காரணத்தைச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும். மூடிய அறையில் கரி எரியும்போது போதிய காற்று இல்லாமையால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் இந்நச்சு வாயுவைப் பற்றிக்கொள்ளும். அதனால் உடலுக்குப் பிராணவாயு கிடைப்பது குறைகிறது. முதலில் தலைவலி, பின்னர் மயக்கமும் குமட்டலும், அதன்பின் மீளாத உறக்கம். புகை அடங்கித் தணலாகிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பது பெருந்தவறு. புகையற்ற தணலிலிருந்தும் இவ்வாயு வெளிப்படும். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை இது விரைவில் தாக்கும். தலை வலிக்கிறது என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது. குளிப்பறைக்குள் எரிவாயுக் கீசர் பொருத்தியிருந்தால் அங்கும் இதே அபாயம் உண்டு. ஆகவே கரியடுப்பு மூட்டும் விடுதியும், குளிப்பறைக்குள் எரிவாயுக் கீசர் வைத்த விடுதியும் எவ்வளவு மலிவாயினும் நமக்கு வேண்டா.

மின்சார ஹீட்டரில் இந்நச்சு வாயு இல்லை. எனினும் அதிலும் வகைகள் உண்டு. செந்நிறமாக ஒளிரும் கம்பியுடையது விரைவில் சூடாகும். ஆனால் நடை பழகும் குழந்தையின் கைக்கும் தொங்கும் போர்வைக்கும் அது பகை. எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் மெல்லச் சூடேறி, ஒரே சீராக வெப்பம் தரும். அதில் ஒளிரும் கம்பி இல்லை. குழந்தையுள்ள அறைக்கு இதுவே ஏற்றது. எதுவாயினும் படுக்கையிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தல் வேண்டும். "அறையில் குளிர்சாதனம் உண்டு" என்று விடுதியினர் கூறினால், அது குளிரை மட்டும் தருவதா, வெப்பமும் தருவதா என்று கேட்டறிதல் நலம். ஹீட்டருக்குத் தனிக் கட்டணம் உண்டா, நம் அறைக்கென ஒன்றை ஒதுக்கி வைப்பார்களா என்பனவற்றையும் முன்பணம் அனுப்புமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெந்நீரின் செய்தியும் இத்தகையதே. சில விடுதிகளில் காலையில் இரண்டு மூன்று மணி நேரமே வெந்நீர் வரும். குழந்தை படுக்கையை நனைப்பதற்கு நேரம் காலம் உண்டா? எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும் இடமே நமக்கு ஏற்றது. கீசரிலிருந்து வரும் நீர் 60 டிகிரி சூட்டில் இருந்தால் சில நொடிகளில் குழந்தையின் தோல் வெந்துவிடும். வாளியில் முதலில் தண்ணீரையும் பின்னரே வெந்நீரையும் ஊற்றி, முழங்கையால் சூடு பார்த்துக் குளிப்பாட்டுதல் முறையாகும். ஒரு வயது நிரம்பாத குழந்தைமீது, விடுதியில் தரும் கனத்த ரஜாயைப் போர்த்தலாகாது. முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும். அடுக்கடுக்காக உடுத்திய உடைகளே அதற்குப் பாதுகாப்பு.

அடுத்தபடியாகச் சன்னலைக் கவனிப்போம். டிசம்பர்க் கடைசியில் தில்லியில் நண்பகற் சூரியன் தென்திசை அடிவானிலிருந்து 38 டிகிரி உயரத்திலேயே நிற்கிறது. ஆதலால் தெற்கு நோக்கிய சன்னல் வழியே வெயில் அறையின் உட்புறம் வரை வந்து விழும். காசு கொடுக்காமல் கிடைக்கும் கணப்பு அது. வடக்கு நோக்கிய அறைக்கு அப்பேறு இல்லை. கட்டடத்தின் நடுவிலுள்ள சந்தையோ நடைவழியையோ நோக்கிய சன்னலும், சன்னலே இல்லாத அறையும் மலிவாகக் கிடைக்கும். அவற்றைத் தவிர்ப்பதே அறிவுடைமை. 2019 பிப்ரவரி 12-ஆம் நாள் விடியுமுன் கரோல் பாக் பகுதியிலுள்ள ஒரு விடுதியில் பற்றிய தீயில் 17 பேர் மாண்டனர். ஆகவே திறக்கக்கூடிய சன்னல் உண்டா, இறங்குவதற்கு இரண்டாவது படிக்கட்டு உண்டா என்பனவற்றை அறைக்குள் சென்றவுடன் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையுடன் செல்பவர் கீழ்த்தளங்களில் அறை கேட்டுப் பெறுவது நன்று.

தில்லியின் குளிர்காலக் காற்று மாசுபட்டது என்பது யாவரும் அறிந்ததே. காற்றின் தரக் குறியீடு 300-ஐக் கடந்தால் மிக மோசம் எனவும், 400-ஐக் கடந்தால் கடுமை எனவும் வகுத்துள்ளனர். நவம்பர் முதல் ஜனவரி வரை 300-ஐக் கடக்கும் நாட்கள் பல. நெடுஞ்சாலையை ஒட்டிய அறையைக் காட்டிலும் உட்புறத் தெருவிலுள்ள அறை மேலானது. காற்றைத் தூய்மை செய்யும் கருவியைச் சில விடுதிகள் கேட்டால் தருகின்றன. குழந்தைக்கு இளைப்பு நோய் இருக்குமாயின், மருத்துவரைக் கலந்துகொண்டு பயணத்தைப் பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே தக்கது. அப்போது குளிரும் தணிந்திருக்கும். குடியரசுத் தலைவர் மாளிகையின் மலர்த் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பருவமும் அதுவே.

விடுதி எப்பகுதியில் இருத்தல் வேண்டும்? நண்பகலில் குழந்தையை உறங்க வைக்கத் திரும்பி வரக்கூடிய தொலைவில் இருத்தல் வேண்டும். விமான நிலையத்தை அடுத்த பகுதிகளில் நல்ல அறைகள் கிடைப்பினும், காட்சி இடங்கள் அங்கிருந்து தொலைவு. கன்னாட் பிளேஸ், ஜன்பத், கரோல் பாக் முதலிய நடுப்பகுதிகளில் மெட்ரோ நிலையத்திற்கு அருகிலுள்ள விடுதியே வசதியானது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய தூரத்தையே 'அருகில்' என்று கொள்ள வேண்டும். மெட்ரோவில் 90 சென்டிமீட்டர் உயரத்திற்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. சாணக்கியபுரியிலுள்ள இரயில் காட்சிசாலையும், பகதூர் ஷா ஜாபர் சாலையிலுள்ள பொம்மைக் காட்சிசாலையும் குழந்தைகள் விரும்புவன. இவ்விரண்டிற்கும் திங்கட்கிழமை விடுமுறை. விலங்குக் காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

குழந்தையின் உறக்கத்தைக் கெடுப்பது குளிர் மட்டும் அன்று. வடநாட்டுக் கலியாணங்களின் மேளமும் வாணமும் நள்ளிரவு வரை ஒலிக்கும். விடுதியில் கலியாண மண்டபம் உண்டா என்று கேட்டறிக. நாம் மார்கழியில் மணவினை செய்யாதது போலவே, அவர்களும் டிசம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி 14 வரையுள்ள காலத்தைக் கர்மாஸ் என்று விலக்கி வைப்பர். அந்நாட்களில் இத்தொல்லை குறைவு. ஜனவரி 26-க்கு முந்தைய நாட்களில் குடியரசு நாள் அணிவகுப்பின் ஒத்திகைக்காக நகரின் நடுப்பகுதிச் சாலைகளை அடைத்துவிடுவர் என்பதையும் நினைவிற் கொள்க.

உணவைப் பற்றி மிகுந்த கவலை வேண்டா. கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் முதலிய பகுதிகளில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருவதால், இட்லியும் தயிர்ச்சோறும் கிடைத்தல் அரிதன்று. இரவில் பால் காய்ச்சித் தருவார்களா, அறையில் வெந்நீர்க் கெட்டில் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்க.

இறுதியாக, போய்ச் சேரும் நேரத்தைப் பற்றி ஒரு சொல். மூடுபனி மிகுந்த நாட்களில் 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, இரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்களும் அவ்வாறே. அதிகாலையில் சேரும் வண்டியைக் காட்டிலும் நண்பகலில் சேரும் வண்டி நல்லது. தாமதமானாலும் பொழுது சாயுமுன் அறைக்குப் போய்விடலாம். பல விடுதிகளில் நாள் கணக்கு நண்பகல் 12 மணிக்கே தொடங்குகிறது. காலை 6 மணிக்கு வாயிலில் நின்றால் குழந்தையுடன் முன்கூடத்தில் காத்திருக்க நேரும். முன்னதாக அறை தருவார்களா, வண்டி தாமதித்தால் அறையை வைத்திருப்பார்களா என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

இத்தனை கேள்விகளையும் கேட்டால் விடுதிக்காரர் சலித்துக்கொள்ள மாட்டாரா என்று சிலர் தயங்கலாம். தயக்கம் வேண்டா. அறையை எவ்வாறு வெப்பமூட்டுவீர்கள், வெந்நீர் எந்நேரமும் வருமா, சன்னல் எத்திசை நோக்கியது என்னும் மூன்று கேள்விகளுக்கும் பொறுமையாக விடை சொல்பவர், நள்ளிரவில் நம் குழந்தை அழுதாலும் எழுந்து வந்து உதவுவார் என்று நம்பலாம். சலித்துக்கொள்பவரின் விடுதியை அப்பொழுதே விட்டுவிடலாம். கடைவீதியில் வாங்கும் பொருளில் சிறிது குறைத்துக்கொண்டு, அத்தொகையை நல்ல அறைக்குச் செலவிடுங்கள். இரவில் குழந்தை இதமாக உறங்கினால்தான் மறுநாள் காலையில் செங்கோட்டையும் குதுப் மினாரும் நம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும்.