தூசிக்கு அப்பாலோர் அயலவன்

கார்த்திகை, மார்கழி மாதங்களின் முன்னிரவில் நம்மூரிலிருந்து வடவானை நோக்குவோர்க்குக் கசியோப்பியா என்னும் ஐந்து உடுக்களின் கோணல் வரிசை புலனாகும். அதற்குக் கிழக்கே, வெறுங்கண்ணுக்கு யாதொன்றும் தோன்றாத ஓரிடத்திலே, கோடானுகோடி உடுக்கள் திரண்ட அண்டமொன்று உளது. அதன் பெயர் மஃபெய் 1.

அண்டங்களிற் சில, நமது பால்வீதியைப் போலச் சுருண்ட கைகளை உடையன. வேறு சில கைகளின்றி, முட்டை வடிவினவாய், முதிர்ந்த செவ்வுடுக்கள் மலிந்து விளங்குவன; இவற்றை நீள்வளைய அண்டங்கள் என்பர். இவ்வினத்துப் பேரண்டங்களுள் நமக்கு மிக அண்மையிலுள்ள சிலவற்றுள் மஃபெய் 1 ஒன்றாகும். அங்ஙனமிருந்தும் 1967 வரை அதனை அண்டமென எவரும் அறிந்திலர். 1959இல் சார்ப்லெஸ் வெளியிட்ட வாயுமுகிற் பட்டியலில் அது 191ஆம் எண்ணாய் வாளா கிடந்தது!

காரணம் நம் வீட்டுத் தூசியே. பால்வீதியின் தளத்திற் பரந்துள்ள நுண்துகள்கள், அவ்வண்டத்திலிருந்து வரும் கட்புலனாகும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கை மறித்துவிடுகின்றன. இத்தூசி இல்லையேல், அது சந்திரவட்டத்தின் முக்காற் பங்கு அகலத்துக்கு விரிந்து, வடவானின் ஒளிமிக்க அண்டங்களுள் ஒன்றாய் நின்றிருக்கும். நீல ஒளியினும் செவ்வொளி தூசியை எளிதில் ஊடுருவும். செந்நிறக்கீழ் ஒளி இன்னும் எளிதில் ஊடுருவும். அவ்வொளியை உணரும் படத்தட்டுக்களைக் கொண்டு, இத்தாலியிலுள்ள அசியாகோ வானாய்வகத்தில் இளம் உடுக்களைத் தேடிக்கொண்டிருந்தார் பாவோலோ மஃபெய். 1967 செப்டெம்பர் 29இல் எடுத்த தட்டிலே, தேடாத இவ்வண்டம் அவர்க்குக் கிட்டியது.

இனி, இவ்வயலவன் எக்கூட்டத்தைச் சேர்ந்தவன்? தூசி எவ்வளவு ஒளியை மறைக்கின்றது என்பதைத் திட்டமாய் அறியாவிடின் தூரக் கணக்கும் தடுமாறும். 1971இல் ஆய்வாளர் அதனைச் சுமார் 30 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்தில் வைத்து, பால்வீதியும் அந்திரோமேடாவும் அடங்கிய நமது கூட்டத்திலேயே சேர்க்கலாமெனக் கருதினர். அவசரத் தீர்ப்பென்று நாம் இன்று எளிதிற் கூறிவிடலாம். அவர் கையிலிருந்த கருவிகளுக்கு அதுவே நியாயமாயிருந்தது. பிந்திய அளவைகள் அதனை அப்பால் தள்ளின. அதன்பின், சுருளண்டமான ஐ. சி. 342உடன் அதனை ஒரு குடும்பமாக்கினர். அவ்வுறவும் நிலைக்கவில்லை. ஹபிள் தொலைகாட்டி அதன் செவ்வரக்க உடுக்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டிற்று. அத்தகைய உடுக்கள் எய்தும் உச்ச ஒளிர்வு அறிந்ததொன்றாகலின், அதனை அளவுகோலாகக் கொண்டு 2019இல் பெறப்பட்ட தூரம் ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் ஒளியாண்டு. ஐ. சி. 342ஓ 1 கோடியே 10 இலட்சம் ஒளியாண்டளவில், நெடுந்தூரம் முன்னே நிற்கின்றது. மஃபெய் 2 என்னும் சுருளண்டமும் வேறு சிலவுமே மஃபெய் 1இன் உண்மையான சுற்றம்.