மறைக்கப்பட்ட ஈரம்

மதீனாவின் கடைவீதியில் ஒருநாள் தானியக் குவியல் ஒன்றின் முன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நின்றார்கள். குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தை உலர்ந்த தானியத்தால் மூடியதே குற்றம். வாசக அன்பர்களே! இந்த வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொண்டு, இறைச்சி இறக்குமதி பற்றிப் பிரிட்டனில் பல்லாண்டுகளாக நடந்துவரும் வழக்கொன்றைச் சற்றே நோக்குவோம்.

1973ஆம் ஆண்டு ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த பிரிட்டன், 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பின்படி, 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அதுவரை உணவுத் தூய்மைக்கான சட்டங்கள் ஒன்றியம் முழுமைக்கும் பொதுவாக இருந்தன. விலகியபின் யாருடனும் தனித்து வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை பிரிட்டனுக்குக் கிட்டியது. அதனுடன் ஓர் அச்சமும் வந்தது: மலிவான இறைச்சிக்காகத் தூய்மையின் அளவுகோல் தாழ்த்தப்பட்டுவிடுமோ? 2020இல் அந்நாட்டு உழவர் சங்கம் தொடங்கிய விண்ணப்பத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

கழுவினால் தீருமா?

அச்சத்தின் அடையாளமாக நின்றது அமெரிக்கக் கோழி. அறுத்த கோழியைக் கிருமிநாசினி கலந்த நீரில் கழுவுவது அமெரிக்க ஆலைகளின் வழக்கம். முன்பு குளோரின் பெரிதும் பயன்பட்டது. இப்போது பெராசிட்டிக் அமிலமே மிகுதி. ஐரோப்பிய ஒன்றியமோ 1997 முதல் குடிநீரைத் தவிர வேறெதனாலும் கோழியைக் கழுவ இசைவதில்லை.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். கழுவிய கோழியில் எஞ்சும் சிறிதளவு இரசாயனம் உண்பவரைக் கொன்றுவிடும் என்று ஐரோப்பிய வல்லுநர்கள் கூறவில்லை. கழுவுவதால் கிருமிகள் குறைகின்றன என்று அமெரிக்கர் சொல்வதும் பொய்யன்று. ஐரோப்பியரின் வினா வேறு. முட்டையிலிருந்து குஞ்சு வெளிவந்த நாள் முதல் அறுக்கும் நாள் வரை கொட்டகையிலும் வண்டியிலும் ஆலையிலும் தூய்மை பேணப்பட்டதா? பேணப்படாத குறையை இறுதியில் ஒரு குளியலால் மறைத்துவிடலாமா? அதாவது, ஈரத்தின்மேல் உலர்ந்த தானியத்தைப் பரப்பலாமா?

மாட்டிறைச்சியிலும் இதே வழக்கு உண்டு. விரைவில் கொழுக்க வைக்கும் ஹார்மோன்களை மாடுகளுக்குச் செலுத்துவதை ஒன்றியம் தடுத்தது. 1989 முதல் அவ்விறைச்சியின் இறக்குமதியையும் நிறுத்தியது. தடைக்குப் போதிய ஆபத்து ஆய்வு இல்லையென 1998இல் உலக வணிக அமைப்பு தீர்ப்பளித்தபோதும் ஐரோப்பா தடையை நீக்கவில்லை. விலகிய பிரிட்டனும் அதை விடவில்லை. ஹார்மோன் இறைச்சியை ஏற்குமாறு கனடா வற்புறுத்தியதும் காரணமாக, அந்நாட்டுடன் நடந்த பேச்சு 2024 ஜனவரியில் நின்றது. 2025 மே 8 அன்று அமெரிக்காவுடன் கண்ட உடன்பாட்டில் 13,000 டன் மாட்டிறைச்சிக்கு வழி திறக்கப்பட்டபோதும், ஹார்மோன் இறைச்சிக்கும் குளோரின் கோழிக்கும் இடமில்லையென அரசு அறிவித்தது.

பட்டறிந்த பாடம்

இத்துணைப் பிடிவாதம் ஏன்? 1986இல் பிரிட்டனின் மாடுகளிடையே புதிய நோயொன்று கண்டறியப்பட்டது. மூளை சிதைந்து, தள்ளாடி விழுந்து மாண்டன. இறந்த கால்நடைகளின் இறைச்சியும் எலும்பும் தூளாக்கப்பட்டுத் தீவனத்தில் கலக்கப்பட்டதே அது பரவக் காரணம். புல் மேய இறைவன் படைத்த உயிருக்குப் பிணத்தை ஊட்டிய மனிதப் பேராசை அது!

அஞ்ச வேண்டாம் என்றது அரசு. 1990இல் அமைச்சர் ஒருவர் படக்கருவிகளின் முன்னே தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரைக் கொடுத்துக் காட்டினார். ஆனால் 1996 மார்ச் 20 அன்று அதே அரசு, அந்நோய்க்கும் மனிதரின் மூளையைத் தாக்கும் கொடிய நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடுமென ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிரிட்டனில் மட்டும் 178 பேர் அம்மனித நோய்க்குப் பலியாயினர். இழந்த நம்பிக்கையை மீட்கவே 2000ஆம் ஆண்டு உணவுத் தர நிறுவனம் அங்கே உருவாயிற்று.

இது நமக்குத் தொடர்பில்லாத கதை என்று எண்ணிவிடலாகாது. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவு அதிகாரிகள் 27 மாட்டிறைச்சி பர்கர் வகைகளை ஆராய்ந்தபோது, பத்தில் குதிரையின் கூறும் இருபத்து மூன்றில் பன்றியின் கூறும் காணப்பட்டன. அடுத்த மாதமே, இங்கிலாந்தின் சிறைகளுக்கு ஹலால் என்று அனுப்பப்பட்ட உணவிலும் பன்றியின் கூறு இருப்பது வெளிப்பட்டது. சிறையிலிருப்பவன் கடை மாற்றி வாங்க இயலுமா? தட்டில் வந்ததை முத்திரையை நம்பி உண்டான். அந்த முத்திரையைக் காக்க எந்தக் கத்தியும் போதவில்லை. சோதனைக்கூடமே உண்மையைச் சொல்லிற்று.

எவர் கை நுழையும்?

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது; துறைமுகத்தில் கண்ணும் வேண்டும். ஒன்றியத்திலிருந்து வரும் இறைச்சியைச் சோதிக்கும் ஏற்பாட்டைப் பிரிட்டன் பன்முறை தள்ளிவைத்தது. பொருளைத் திறந்து பார்க்கும் சோதனை 2024 ஏப்ரல் 30 அன்றுதான் தொடங்கிற்று. 2001இல் கோமாரி நோயால் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை அழித்த நாடு அது. அந்நோய் ஐரோப்பாவில் மீண்டும் தலைதூக்கவே, 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்து இறைச்சியைப் பயணிகள் கொண்டுவருவதைத் தடுத்தது. அடுத்த மாதம் 19ஆம் நாள், உணவு விதிகளில் மீண்டும் இணங்கி நடக்க ஒன்றியத்துடன் உடன்பாடு தேடவும் இசைந்தது.

வாசக அன்பர்களே! திருமறை உணவைப் பற்றிப் பேசுமிடத்தில் ஹலால் என்பதோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. ஆகுமானதாக இருத்தல் ஒன்று. தூயதாகவும் நல்லதாகவும் இருத்தல் மற்றொன்று. அறுக்கும் கணத்தில் இறைவன் திருப்பெயர் கூறப்பட்டதா என்று கேட்கும் நாம், அதற்கு முன்னர் அவ்வுயிர் எதைத் தின்று, எங்கே அடைபட்டு வளர்ந்தது என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வசதியுள்ளோர் தெரிந்த கசாப்புக் கடையைத் தேடிச் செல்வர். பள்ளியிலும் மருத்துவமனையிலும் சிறையிலும் உண்போருக்கு அந்த வழியில்லை. மலிவான இறைச்சி முதலில் சேர்வது அவர்கள் தட்டில்தான். குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க இயலாத அவர்களுக்காக அரசின் கை நுழைய வேண்டும். விரலில் ஈரம் பட்டால், அதை வெளியே காட்டும் நேர்மையும் அந்தக் கைக்கு வேண்டும்.